ஆசிட் டேங்கர் ஓட்டுநருக்கு: லோடிங் முதல் காலித் தொட்டி வரை

மேட்டூர், சாகுபுரம் போன்ற இடங்களிலிருந்து கிளம்பும் கெமிக்கல் டேங்கர்களில் பெரும்பாலும் மூன்று சரக்குகளே இருக்கும்: 98 சதவீத சல்பூரிக் ஆசிட், 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 48 சதவீத காஸ்டிக் லை (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்). திருப்பூர், ஈரோடு சாய ஆலைகளுக்கும், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளுக்கும், அனல் மின் நிலையங்களின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவுகளுக்கும் போவது இவைதான். இங்கே சொல்லப்போவதும் இந்த மூன்றைப் பற்றி மட்டுமே. அம்மோனியா, குளோரின், எல்.பி.ஜி. போன்றவை அழுத்தத் தொட்டியில் போகிறவை. மெத்தனால் போன்ற கரைப்பான்கள் தீப்பிடிப்பவை. அவற்றுக்குத் தொட்டியும் வேறு, விதியும் வேறு.

ஆசிட் டேங்கரில் ஸ்டீயரிங் பிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி வண்டி நின்ற பிறகு, மேன்ஹோல் மூடியருகிலும் வால்வு அருகிலும் நடக்கிறது. ஏற்றும் ஆலையில் ஒரு ஆபரேட்டர், இறக்கும் ஆலையில் இன்னொருவர். தொட்டியில் போன முறை என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பது இரண்டு முனையிலும் தெரிந்த ஒரே ஆள் ஓட்டுநர்தான்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் விதி 9-ன்படி, அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்ட 3 நாள் பயிற்சிச் சான்றும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். அந்தப் பதிவு முன்பு ஓராண்டுக்குத்தான் செல்லும். 2019 சட்டத் திருத்தம் அதை 3 ஆண்டாக்கியது. புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி தேவை. ஆனாலும் சோதனையில் பேசப்போவது உங்கள் கார்டில் அச்சடித்திருக்கும் தேதிதான். அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வாய்ஸ், இ-வே பில், எல்.ஆர். (லாரி ரசீது) ஆகியவற்றோடு டிரெம் கார்டும் கேபினுக்குள் இருக்க வேண்டும். டிரெம் கார்டு என்பது அந்தச் சரக்கு கசிந்தால், மேலே பட்டால், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை. போன லோடின் அட்டை கேபினில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். விபத்து நேரத்தில் தீயணைப்பு வீரர் கையில் எது கிடைக்கிறதோ அதை நம்பித்தான் வேலை தொடங்குவார்.

வண்டியின் இரு பக்கமும் பின்பக்கமும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கிறது விதி 134. சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத எழுத்தில், யு.என். எண் (அந்தப் பொருளுக்கு உலகம் முழுதும் ஒன்றேயான அடையாள எண்) 100 மில்லிமீட்டருக்குக் குறையாத எண்ணில், அபாயச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், கூடவே தொடர்பு எண்கள். சல்பூரிக்குக்கு 1830, ஹைட்ரோகுளோரிக்குக்கு 1789, காஸ்டிக் லைக்கு 1824. மூன்றுமே 8-ஆம் வகுப்பு, அதாவது அரிப்புப் பொருள். தொட்டியில் ஒன்றும் பலகையில் வேறொன்றும் இருந்தால், பலகையே இல்லாததைவிட அது மோசம்.

எந்தத் தொட்டியில் எது போகலாம்

98 சதவீத சல்பூரிக் ஆசிட் சாதாரண மைல்ட் ஸ்டீல் தொட்டியில் போகிறது. அடர்ந்த ஆசிட் இரும்பின்மேல் இரும்பு சல்பேட் படலம் ஒன்றை உண்டாக்கி, மேற்கொண்டு அரிக்காமல் தானே தடுத்துக்கொள்கிறது. அதில் தண்ணீர் சேர்ந்து நீர்த்துப்போனால் படலம் கரையும், இரும்பு அரிபடும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதனால்தான் சல்பூரிக் தொட்டியின் மேன்ஹோலை மழையில் திறந்து வைக்கக் கூடாது, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டுவிடவும் கூடாது. கழுவினால் முழுதாகக் கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லையென்றால் கழுவாமல் மூடி வைப்பதே நல்லது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இரும்பைத் தின்றுவிடும். அதற்கு ரப்பர் லைனிங் தொட்டியோ எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) தொட்டியோ வேண்டும். அந்த ரப்பரை அடர்ந்த சல்பூரிக் கருக்கிக் கெடுத்துவிடும் என்பதால், ‘இரண்டும் ஆசிட்தானே’ என்று மாற்றி ஏற்ற முடியாது. காஸ்டிக் லை மைல்ட் ஸ்டீலில் போகலாம்; அலுமினியத்தையும் கால்வனைஸ் பூச்சையும் அது அரித்து ஹைட்ரஜனை வெளியிடும்.

தொட்டி சரியாக இருந்தும் ஓஸ் இணைப்பில் தவறு நடப்பதுண்டு. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் கேம்லாக் (ஓஸை மாட்டும், காது வைத்த கப்ளிங்) அலுமினியத்தில் செய்தது. காஸ்டிக்குக்கு அது ஆகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பாலிபுரொப்பிலீனோ வேண்டும். ஹைட்ரோகுளோரிக்குக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் தாங்காது, பாலிபுரொப்பிலீன்தான். அடர்ந்த சல்பூரிக்குக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் கப்ளிங்கும் டெஃப்லான் லைனிங் ஓஸும் பொருந்தும். கேஸ்கெட் மூன்றுக்கும் டெஃப்லானாகவே இருக்கட்டும். சைக்கிள் டியூபை வெட்டி வைத்த கேஸ்கெட் சல்பூரிக்கில் ஒரு லோடு தாங்கினால் அதிகம்.

அளவும் எடையும்

ஒரு லிட்டர் சல்பூரிக் 1.84 கிலோ. காஸ்டிக் லை ஏறக்குறைய 1.5 கிலோ, ஹைட்ரோகுளோரிக் 1.16 கிலோ. 28 டன் வகை 10 சக்கர லாரியில், வண்டியும் தொட்டியும் 9.5 டன் என்று வைத்தால், சரக்குக்குக் கிடைப்பது 18.5 டன். அதில் சல்பூரிக் சுமார் 10,000 லிட்டர்தான் ஏறும். காஸ்டிக் 12,300, ஹைட்ரோகுளோரிக் 15,900 லிட்டர் வரை ஏறலாம்.

இதில் சிக்கல் எங்கே? 16,000 லிட்டர் மைல்ட் ஸ்டீல் தொட்டியில் 10,000 லிட்டர் சல்பூரிக்கை ஏற்றினால் எடை விதிப்படி சரி. ஆனால் தொட்டி 63 சதவீதம்தான் நிறைந்திருக்கும். நிறைகுடம் தளும்பாது, இந்தத் தொட்டி தளும்பும். அபாயச் சரக்கைச் சாலையில் கொண்டுபோவதற்கான ஐரோப்பாவின் ஏ.டி.ஆர். விதிகள், உள்ளே தடுப்புத் தகடுகளால் 7,500 லிட்டருக்கு மிகாத பகுதிகளாகப் பிரிக்கப்படாத தொட்டியை 80 சதவீதத்துக்குக் குறையாமல் நிரப்ப வேண்டும், இல்லையேல் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. அந்த விதி இங்கே செல்லுபடியாகாவிட்டாலும் கணக்கு இங்கும் அதேதான். சல்பூரிக்குக்கு 12,000 லிட்டர் தொட்டி வைத்திருப்பவர் நிம்மதியாக ஓட்டுவார். மேல்பக்கம் 3 முதல் 5 சதவீதம் காலியிடமும் வேண்டும், வெயிலில் திரவம் விரியும்.

எடை மேடையில் இன்னொரு தொல்லை, சரக்கு எடை குறைகிறது, ‘ஷார்ட்டேஜ்’ என்று வாடகையில் பிடிப்பது. காலி எடைக்கும் லோடு எடைக்கும் நடுவே டீசல் போடாதீர்கள். 200 லிட்டர் டீசல் என்பது சுமார் 165 கிலோ. இரண்டு முறையும் ஆட்கள் ஒரே மாதிரி, இருவரும் கேபினுக்குள் அல்லது இருவரும் கீழே. இறக்கும் இடத்தில் வேறுபாடு வந்தால், ஓஸை மாட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சரக்கு இறங்கிய பிறகு பேச எதுவும் மிச்சமிருக்காது.

மேலே ஏறும்போது

தொட்டியின் மேல்பகுதி தரையிலிருந்து மூன்று மீட்டருக்குமேல். ஆசிட்டுக்குப் பயப்படும் அளவுக்கு யாரும் அந்த உயரத்துக்குப் பயப்படுவதில்லை, பயப்பட வேண்டும். ஏணியில் முகம் வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் பிடியில். ஆலையில் லைஃப் லைன் கம்பி இருந்தால் பெல்ட்டை மாட்டாமல் மேலே நடக்க வேண்டாம்.

மேன்ஹோல் மூடியைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கப் போல்ட்டை முதலில் சற்றே தளர்த்தி, உள்ளே அழுத்தம் இருந்தால் அது அந்தப் பக்கமாக வெளியேறும்வரை காத்திருந்து, பிறகு மற்றவற்றைக் கழற்றுங்கள். ஹைட்ரோகுளோரிக்கில் வெள்ளைப் புகை கட்டாயம் வரும். துணியாலோ தூசி மாஸ்க்காலோ அதைத் தடுக்க முடியாது, ஆசிட் வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். சல்பூரிக்கின் நுண்துளிப் புகை பல்லின் எனாமலை அரிக்கும். சல்பூரிக் கலந்த வலுவான ஆசிட் நுண்துளிகளை ஐ.ஏ.ஆர்.சி. (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) 1992-லேயே புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில் சேர்த்துவிட்டது.

உடை: பி.வி.சி. சூட் அல்லது முழு ஏப்ரன், முழங்கை வரை கையுறை, ரசாயனக் கண்ணாடி, அதன்மேல் முகக் கவசம், கம்பூட். பேன்ட் காலை கம்பூட்டுக்குள் சொருகாமல் வெளியே விடுங்கள். சொருகினால் வழியும் ஆசிட் நேராகப் பூட்டுக்குள் இறங்கித் தங்கிவிடும். கைலியும் ரப்பர் செருப்பும் கேபினோடு நிற்கட்டும். மே மாத வெயிலில் பி.வி.சி. சூட்டுக்குள் வெந்துபோகும் என்பது உண்மைதான். அதற்கு வழி சூட்டைக் கழற்றுவதல்ல. மாட்டுவதற்கு முன் தண்ணீரோ மோரோ நன்றாகக் குடித்துவிட்டு, ஓஸ் மாட்டவும் கழற்றவும் மட்டும் சூட்டோடு நின்று, இடைப்பட்ட நேரத்தில் நிழலில் இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

சாலையில்

பாதி நிறைந்த டேங்கர் பிரேக் பிடித்தவுடன் நிற்காது. நின்ற மாதிரி தெரியும், அடுத்த நொடி உள்ளே இருக்கும் திரவம் முன்சுவரில் மோதி வண்டியை முன்னால் தள்ளும். சிக்னலில் முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு, தள்ளல் அடங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள். வளைவில் திரவம் வெளிப்பக்கம் ஏறி நிற்கும். சாதாரண லோடு லாரி தாங்கும் வேகத்தில் டேங்கர் கவிழும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிரேக் போடுவது பக்கத் தள்ளலோடு முன் தள்ளலையும் சேர்த்துவிடும். ரவுண்டானாவிலும் பைபாஸிலிருந்து இறங்கும் வளைவிலும் அதிகக் கவனம் தேவை.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் பிரேக் இழந்து மோதியிருக்கின்றன என்பது அந்த ரோட்டில் ஓடும் எல்லோருக்கும் தெரியும். அங்கே செய்ய வேண்டியது இது: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் குறைக்க முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ள நேரும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வையுங்கள். காலை பிரேக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், வேகம் ஏறும்போது ஒருமுறை அழுத்திப் பிடித்துக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் டிரம் ஆறும். ஏர் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் உள்ளவர்கள் டேங்கரை விட்டுவிட்டு வேறு வண்டி பார்ப்பது நல்லது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு. இந்தக் கணக்கில் ஓடும் டேங்கர் எத்தனை என்று கேட்க வேண்டாம். குறைந்தபட்சம், ஆலை வாசலில் பகல் முழுக்கக் காத்திருந்த நேரத்தைத் தூக்கமாக எண்ணிக்கொண்டு ராத்திரி கிளம்பாதீர்கள். விடிகாலை 2 மணி முதல் 5 மணி வரை ஓடுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

நிறுத்தும் இடம்: டாபா அடுப்புக்குப் பக்கம் வேண்டாம், பள்ளி, ஏரிக்கரை, வாய்க்கால், கிணறு அருகிலும் வேண்டாம். கசிந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று தரையின் சரிவைப் பார்த்து நிறுத்துங்கள். லோடு வண்டியை ஆள் இல்லாமல் விடக் கூடாது என்பது விதி 133. வண்டி பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சமைப்பது ஆசிட் டேங்கரிலும் ஆபத்துதான். முன்னே சொன்ன ஹைட்ரஜன் மூடியருகில் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

இறக்கும் இடத்தில்

தவறான ஸ்டோரேஜ் தொட்டியில் ஏற்றிவிடுவதைவிடப் பெரிய விபத்து இந்தத் தொழிலில் வேண்டியதில்லை. ஹைட்ரோகுளோரிக்கை ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், வெளுக்கும் திரவம்) தொட்டியில் விட்டால் குளோரின் வாயு கிளம்பும். சல்பூரிக்கைக் காஸ்டிக் தொட்டியில் விட்டால் அது கொதித்துப் பொங்கி வெளியே அடிக்கும். ஆலைகளில் இந்தத் தொட்டிகளின் இன்லெட்டுகள் எல்லாம் ஒரே சுவரில், ஒரே அளவு கப்ளிங்கோடு வரிசையாக இருப்பது சகஜம். பெயின்ட் அழிந்துபோயிருக்கும். ராத்திரி ஷிப்டில் புது ஆள் நின்று, ‘அந்த நடு பைப்பில் மாட்டுங்க அண்ணே’ என்பார்.

மாட்டாதீர்கள். ஆபரேட்டரைக் கூட வரச் சொல்லி, இன்வாய்ஸில் உள்ள பெயரையும் பைப்பில் உள்ள பெயரையும் அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். பெயர்ப்பலகை இல்லையென்றால் பைப் எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று நடந்துபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியில் இருப்பது என்ன என்பதில் சந்தேகம் வந்தால் பி.எச். தாளும் ஹைட்ரோமீட்டரும் போதும்: காஸ்டிக்கில் தாள் நீலமாகும், ஆசிட்டில் சிவக்கும், சல்பூரிக்கா ஹைட்ரோகுளோரிக்கா என்பதை 1.84, 1.16 என்ற அடர்த்தி காட்டிக்கொடுக்கும். சல்பூரிக் தாளைக் கருக்கிவிடும் என்பதால் சாம்பிளை முதலில் நிறையத் தண்ணீரில் சொட்டு சொட்டாக விட்டு நீர்த்துப் பாருங்கள். ஆசிட்தான் தண்ணீருக்குள் போக வேண்டும், தண்ணீர் ஆசிட்டுக்குள் போகக் கூடாது.

அதன் பிறகு வரிசை இப்படி:

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுங்கள். ஓஸ் மாட்டியிருக்கும்போது யாரோ ‘கொஞ்சம் நகர்த்துங்க’ என்று கேட்டு வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது.
2. சேஃப்டி ஷவரும் ஐ வாஷும் எங்கே என்று பார்த்து, திறந்து தண்ணீர் வருகிறதா என்று சோதியுங்கள். வரவில்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள்.
3. ஸ்டோரேஜ் தொட்டியில் உங்கள் லோடு முழுதும் கொள்ள இடமிருக்கிறதா என்று ஆபரேட்டரிடம் உறுதி செய்யுங்கள்.
4. வென்ட்டையோ மேன்ஹோலையோ திறந்து விடுங்கள். மூடியபடியே பம்ப் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி தொட்டி நெளிந்து உள்வாங்கும்.
5. ஓஸை மாட்டி, கேம்லாக் காதுகளைக் கம்பியாலோ பின்னாலோ கட்டி, இணைப்பின்மேல் கவசத் துணி போர்த்தி, கீழே தட்டு வையுங்கள்.
6. வால்வைக் கொஞ்சமாகத் திறந்து ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, சொட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் பார்த்த பிறகே முழுதாகத் திறங்கள்.
7. முடிந்ததும் பம்பை நிறுத்தி, டேங்கர் வால்வு, பிறகு ஆலை வால்வு என மூடுங்கள். ஓஸில் மிச்சம் கட்டாயம் இருக்கும். உயர்த்தி வடித்துவிட்டு, முகக் கவசத்தைக் கழற்றாமல்தான் கப்ளிங்கைத் திறக்க வேண்டும். கடைசியில் வால்வு வாய்க்கு மூடி போட்டுவிடுங்கள், வால்வை மட்டும் நம்ப வேண்டாம்.

பம்ப் கெட்டுவிட்டது, கம்பிரஸர் காற்றைக் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். உங்கள் தொட்டி அழுத்தத்துக்குக் கட்டியதல்ல என்றால் மறுத்துவிடுங்கள். 500 மில்லிமீட்டர் அகல மேன்ஹோல் மூடியின்மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறினாலே கிட்டத்தட்ட 2 டன் விசை விழும். கூடவே ஓஸ் கழன்றால் ஆசிட் வழியாது, பீய்ச்சி அடிக்கும்.

காஸ்டிக் லை குளிரில் உறையும்; 50 சதவீத அடர்த்தியில் 12 முதல் 15 டிகிரிக்குள்ளேயே உறையத் தொடங்கும். மார்கழியில் ஓசூர், ஊட்டிப் பக்கம் ராத்திரி நின்ற வண்டியில் வால்வு திறக்காமல் போனால் காரணம் இதுதான். வெளிப்பக்கம் சாக்கு சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள். நெருப்புக் காட்டுவதும் சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம்.

மேலே பட்டால், சாலையில் கசிந்தால்

தோலில் பட்ட நொடியே தண்ணீர். துணியைக் கழற்றிக்கொண்டே, குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் நிற்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 30 நிமிடம் கழுவ வேண்டும். காஸ்டிக் முதலில் வலிக்காது, சோப்பு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அதற்குள் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். சோடா மாவு, எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். ஆம்புலன்ஸ் 108-ஐ அழைப்பது கூட இருப்பவர் வேலை. பட்டவர் தண்ணீரை விட்டு வரக் கூடாது. கேபினில் எப்போதும் 40, 50 லிட்டர் சுத்தமான தண்ணீர் தனியாக இருக்கட்டும், அதைக் குளிக்க எடுக்காதீர்கள்.

சிறு கசிவுக்கு உலர்ந்த மணல் அல்லது மண்ணால் அணை கட்டி, அதன்மேல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். காஸ்டிக் என்றால் மணலோடு நிறுத்துங்கள், சுண்ணாம்பால் பயனில்லை. மரத்தூள் கூடாது, சல்பூரிக் அதைக் கருக்கிச் சூடேற்றும். தேங்கி நிற்கும் சல்பூரிக்கின்மேல் தண்ணீர் அடித்தால் கொதித்துத் தெறிக்கும். வால்வோ தொட்டியோ உடைந்த பெரிய கசிவென்றால் அடைக்க முயலாமல், காற்று வரும் திசையில் விலகி, எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டருக்கு ஆட்களை அப்புறப்படுத்துங்கள். செல்போனில் படமெடுக்க நெருங்கி வருபவர்களைத் தடுப்பதுதான் கடினமான வேலை. 112 அல்லது 101, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சரக்கின் பெயரையும் யு.என். எண்ணையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் தகவல் சொல்வது விதி 136-ன்படி ஓட்டுநரின் கடமை.

காலி வண்டி

இறக்கி முடிந்த தொட்டியில் அடியில் கொஞ்சம் சரக்கும், உள்ளே முழுக்க ஆவியும் இருக்கும். கழுவிச் சுத்தமாகும்வரை அது லோடு வண்டிதான், பலகையைக் கழற்றாதீர்கள். சேறு அள்ளவோ லைனிங் பார்க்கவோ தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. துருப்பிடிக்கும் இரும்பு உள்ளே உள்ள ஆக்ஸிஜனையும் குறைத்துவிடும். வாயுச் சோதனை, காற்றோட்டம், வெளியே கயிறு பிடித்து நிற்க ஆள் என எல்லாம் உள்ள கிளீனிங் பட்டறையில்தான் அந்த வேலை. சல்பூரிக் தொட்டியில் ஒரு சின்னப் பிராக்கெட் வெல்டிங் என்றாலும், உள்ளே ஹைட்ரஜன் இல்லை என்று சோதித்த சான்று கையில் வந்த பிறகே பட்டறைக்காரரை டார்ச்சைப் பற்ற வைக்க விடுங்கள்.

ஹைட்ரோகுளோரிக் ஓட்டுபவர்கள் சேஸிஸின் அடிப்பக்கத்தைத் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுவது அவசியம். அந்தப் புகை பிரேக் பைப், ஏர் டேங்க், ஸ்பிரிங் பட்டை, ஒயரிங் மூட்டுகளையெல்லாம் அரிக்கும். பிரேக் பைப்பில் பச்சையோ செம்பழுப்போ பூத்திருந்தால் அடுத்த லோடுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.